மேசையில தமிழ் கதைக்காத மனிசன்

இதை எழுதாமல் விடுவம் எண்டுதான் இருந்தனான். என்ர கூட்டாளி சுதன் மூண்டு தரம் மெசேஜ் போட்டிட்டான். கிளப்பில எங்களோட தாள் விளையாடுற அந்த அண்ணைக்கு அம்பது வயசு வருதாம், அங்க ஆளுக்கொரு பக்கம் எழுதிக் குடுக்கினமாம், நீ தமிழிலயே எழுது, அவர் சந்தோசப்படுவார் எண்டு. டெனிஷ்காரருக்கு அம்பது, அறுபது எண்டு வட்டமா ஒரு வயசு வந்தாக் காணும், கொடி கட்டிப் பாட்டுக் கட்டி ஒரு கல்யாணவீடு மாதிரி ஆக்கிப்போடுவினம். முதல் மெசேஜுக்கு நான் நித்திரை கொள்ளுற பூனைப் படம் ஒண்டு அனுப்பினன். ரெண்டாவதுக்கு, எனக்குத் தமிழ் எழுத வராது எண்டன். அது பாதி உண்மை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில அஞ்சாம் வகுப்போட நிண்டவன் நான். டெனிஷ் பள்ளிக்கூடத்தில ஒன்பதோட. மூண்டாவது மெசேஜுக்குப் பதிலே போடேல்லை.

பிறகு யோசிச்சன், மற்ற எல்லாரும் எழுதப்போறாங்கள், அதில என்ரயும் இல்லாட்டி அதுக்கும் அவருக்குத்தான் அனுதாபம் போகும். அதால எழுதுறன்.

பேர் போடமாட்டன். அவருக்கு ஏற்கெனவே இந்த ஹோர்சன்ஸ் டவுண் முழுக்கப் பேர்தான்.

எங்கட போக்கர் கிளப் போலிங் விளையாடுற கட்டிடத்துக்கு மேல் மாடியில. புதன்கிழமை பின்னேரம், வேலை முடிஞ்ச கையோட. காசுக்கு இல்லை, புள்ளிக்குத்தான். ஆளுக்கு ரெண்டு தாள் கையில, நடுவில எல்லாருக்கும் பொதுவா அஞ்சு தாள் விழும். வருசக் கடைசியில ஒரு இறுதிப்போட்டி நடக்கும். அதில கடைசி நாலு பேர் கொப்பன்ஹேகன் பக்கம் நடக்கிற கிளப்புகளின்ர பெரிய போட்டிக்குப் போகலாம், கிளப் சேர்ட்டும் போட்டுக்கொண்டு. எல்லாத்தையும் நடத்துறது பென்ட எண்ட ஒரு மனிசி. தலைமுடியைக் கட்டையா வெட்டி, கழுத்தில கண்ணாடியும் விசிலும் தொங்கும். விசில் ஊதி நான் ஒரு நாளும் கேக்கேல்லை. தேவை வராது. அவ பாத்தாலே காணும்.

சுதனும் நானும் ஒரே லாகரில, சாமான் களஞ்சியத்தில, பெட்டி அடுக்குற ஆக்கள். முதல் புதன் அவன்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனவன். போய் இருந்தா, எனக்கு நேர முன்னால ஒரு தமிழ் மனிசன். மெலிஞ்ச உருவம், இஸ்திரி போட்ட சேர்ட், மேல் பொத்தானும் பூட்டி. ரெண்டு கையும் மேசையில. தாளுக்கு மேல மாதா படம் போட்ட ஒரு சின்னப் பதக்கம், பாரத்துக்கு. நான் சூயிங்கம் பெட்டியை வச்சிருந்தனான்.

எனக்குச் சந்தோசம். இவ்வளவு வெள்ளையளுக்கு நடுவில எங்கட ஆள் ஒருத்தர். ரெண்டாவது கையிலயே, கை எண்டா ஒரு ஆட்டம், அவரைப் பாத்து, என்ன அண்ணை, தாள் எப்பிடி, நல்லதோ எண்டு கேட்டிட்டன். அவர் என்னைப் பாக்கவே இல்லை. மேசைக்கு நடுவில பாத்துக்கொண்டு டெனிஷில சொன்னார், இஞ்ச கை நடக்கேக்குள்ள டெனிஷ், இல்லாட்டி இங்கிலிஷ் மட்டும்தான் எண்டு. நல்ல சுத்தமான, பள்ளிக்கூடத்து வாத்தி கதைக்கிற மாதிரி டெனிஷ். பென்ட அங்கயிருந்து தலையை ஆட்டினா.

எனக்கு மூஞ்சை சுண்டிப்போச்சுது. உவர் என்ன பெரிய எடுப்பு எண்டு சுதனிட்ட சொன்னன். அதையும் டெனிஷில சொல்லவேண்டி வந்தது.

இடைவேளைக்கு வெளிய சைக்கிள் நிப்பாட்டுற இடத்தில நிண்டனான். அவர் வந்தார். வந்து, தம்பி எந்த ஊர், அப்பா ஆர், ஓ அவரோ, அவரை எனக்குத் தெரியும், அம்மா எங்க வேலை, இந்தா வடை எடு எண்டு ஒரு பெட்டியைத் திறந்து நீட்டுறார். உள்ள இருந்த ஆளும் இந்த ஆளும் ஒரே ஆளோ எண்டு எனக்குச் சந்தேகம். மன்னார்த் தமிழ் அப்பிடியே உருண்டு வருது. யன்னல் செய்யிற ஃபப்ரிக்கில பதினெட்டு வருசமாம். கதவடியில கால் வச்சாரோ இல்லையோ, திரும்பவும் டெனிஷ். அந்தக் கதவில அவருக்கு ஒரு ஸ்விட்ச் இருந்தது.

வடை நல்லா இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சல்.

அவரைப் பற்றி எல்லாரும் சொல்லுற கதை ஒண்டு இருக்கு, இந்தப் பிறந்தநாள் கட்டில அஞ்சு பேராவது அதை எழுதியிருப்பாங்கள். நான் அண்டைக்கு அதே மேசையில இருந்தனான். சிப்ஸை, அதான் புள்ளிக்கு வைக்கிற வட்டச் சில்லை, ஒரே தரத்தில தள்ளவேணும், அதுதான் சட்டம். முதல் கொஞ்சம் வச்சு, எதிராளின்ர முகத்தைப் பாத்து, பிறகு கொஞ்சம் வைக்கேலாது. அண்டைக்கு அவருக்கு நல்ல தாள். கூட்டிக் கேக்க வெளிக்கிட்டவர், கை ரெண்டு தரம் போட்டுது. ஒருத்தரும் காணேல்லை. பென்ட காணேல்லை. எதிரில இருந்த யெஸ்பர் தாடியைச் சொறிஞ்சு யோசிச்சுக்கொண்டிருக்கிறான். இவர் கையைத் தூக்கினார். "என்ர கை ரெண்டு தரம் போனது, கூட்டினது செல்லாது" எண்டு தானே தன்ர சிப்ஸைத் திருப்பி எடுத்தார். யெஸ்பர் மலிவா அடுத்த தாளைப் பாத்தான், அந்தத் தாளால வெண்டான்.

மேசையில இருந்த எல்லாரும் விரலை மடக்கி மேசையில தட்டினாங்கள். டெனிஷ்காரரின்ர மரியாதை அது. அந்தச் சத்தம் இப்பவும் எனக்குக் காதில கேக்கும். நான் அதுவரைக்கும் எத்தினையோ கை வெண்டனான், ஒருத்தனும் ஒரு விரல் தட்டேல்லை. இவர் தோத்துத் தட்டு வாங்குறார்.

விடுவனே? அடுத்த புதன் நானும் செய்தன். வேணுமெண்டே கையை ரெண்டு தரம் தள்ளிப்போட்டு, பெரிய நீதவான் மாதிரிக் கையைத் தூக்கி, என்ர பிழை எண்டன். எல்லாரும் குனிஞ்சு தங்கட தாளைப் பாத்தாங்கள். பென்ட தூரத்தில நிண்டு, ஓம் கண்டனான், நான் சொல்லத்தான் வந்தனான், கவனமா விளையாடு எண்டு சொல்லிப்போட்டுப் போட்டா. சுதன் சிரிச்ச சிரிப்பில அவனுக்கு விக்கல் எடுத்திட்டுது.

இன்னொண்டும் சொல்லவேணும், விருப்பம் இல்லாட்டியும். சுவரில சட்டம் எழுதின கடதாசி ஒட்டியிருக்கும். அதில பதினோராவது: தாளைத் திறந்து வச்சாப் பிறகு ஆராவது பிழையா வாசிச்சா, அந்தக் கையில இல்லாத ஆளும் சொல்லவேணும். சொல்லலாம் எண்டில்லை, சொல்லவேணும். ஒருநாள் என்ர தாளைத் திறந்து வச்சிட்டு நான் ஒரு சோடிதான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். தாள் குடுத்தவனும் அப்பிடித்தான் நினைச்சு, சிப்ஸை மற்றப் பக்கம் தள்ளப்போனவன். இவர் அந்தக் கையிலயே இல்லை. மூண்டாம் சீற்றுக்கு அஞ்சு ஆட்டின் இருக்கு எண்டார், டெனிஷில, கோப்பி கேக்கிற மாதிரிச் சாதாரணமா. எண்ணிப் பாத்தா ஓம், அஞ்சும் ஒரே சாதி, அது எந்தச் சோடியையும் அடிக்கும். அந்தக் கையால நான் அண்டைக்கு முதலாவதா வந்தனான். அவர் ஆறாவது. எல்லாரும் என்னட்டக் கைகுடுத்திட்டு, அவரிட்டப் போய்த் தோளில தட்டிச்சினம்.

வீட்ட போய் அம்மாவிட்டச் சொன்னன், நான் முதலாவதா வந்தனான் எண்டு. அந்தாள் சுகமா இருக்கிறாரோ எண்டு அம்மா கேட்டா.

இப்ப நீங்கள் நினைப்பியள், ஆள் ஒரு சாமி எண்டு. இல்லை. அதுதான் எனக்கு அவரில பிடிச்ச ஒரே விசயம். ஒரு பிறந்தநாள் விழாவுக்கு மண்டபத்துக்குப் போனா, பின்னால அறையில முந்நூற்று நாலு நடக்குது. எங்கட ஆக்களின்ர தாள் விளையாட்டு. ரெண்டு ரெண்டு பேரா சோடி, ஒரே சத்தம். எட்டிப் பாத்தா நடுவில இவர். மேல் பொத்தான் கழட்டியிருக்கு. தாளை மேசையில அடிக்கிற அடியில தேத்தண்ணிக் கோப்பை துள்ளுது. எதிராளியைப் பாத்து, உன்ர துரும்பைக் கொண்டுபோய்க் குளிர்பெட்டியில வை எண்டு நக்கல். காதைச் சொறிஞ்சு கூட்டாளிக்குக் கள்ளச் சைகை வேற. ஒரு தரம் இல்லை, மூண்டு தரம் கண்டனான்.

எனக்கு லொத்தர் விழுந்த சந்தோசம். கையும் களவுமாப் பிடிச்சாச்சு. கதிரைக்குப் பின்னால போய், என்ன அண்ணை, இதைப் பென்டவுக்குச் சொல்லட்டோ எண்டு கேட்டன்.

"இஞ்ச அதுதானடா சட்டம்," எண்டார். "சைகை காட்டாட்டி உவங்கள் நான் நித்திரை எண்டு நினைப்பாங்கள்."

முழு அறையும் சிரிச்சுது. அங்கயும் அவர்தான் வெண்டவர்.

முந்நூற்று நாலு தெரியாத ஆக்களுக்கு ஒண்டு சொல்லிவைக்கிறன், பிறகு தேவைப்படும். அதில ரெண்டிலயிருந்து ஆறு வரைக்கும் உள்ள தாள் விளையாட்டிலயே இல்லை. தொடங்கமுதல் அதையெல்லாம் பொறுக்கிப் பெட்டிக்குள்ள போட்டிடுவினம். ஜாக்கிதான் அதில ராசா, அடுத்தது ஒன்பது. சின்ன வயசில இருந்து அதையே விளையாடின ஆக்களுக்குச் சின்னத் தாள் கண்ணில ஏறாது. போக்கரிலயும் ஏறாது. இவர் மட்டும் இல்லை, எங்கட ஆக்கள் எல்லாரிலயும் இதைக் கண்டிருக்கிறன். மூண்டு, நாலு எண்டு தாள் வந்தா அது குப்பை எண்டு கண் தாண்டிப் போயிடும். நான் போக்கர் படிச்சது ஃபோனில. எனக்கு எல்லாத் தாளும் ஒண்டுதான்.

அவர் என்னை வெளிய நிப்பாட்டின கதைக்கு வாறன்.

ஒரு புதன் நான் வெறும் குப்பைத் தாளை வச்சுக்கொண்டு பெரிய தொகையாத் தள்ளிப்போட்டு இருந்தன். எதிரில அவர் மட்டும்தான் மிச்சம். சுதன் எனக்குப் பின்னால நிண்டு பாக்கிறான். என்ர வாய் சும்மா இருக்காது. திரும்பி அவனுக்குத் தமிழில, மச்சான், ஒண்டும் இல்லை, சும்மா வெருட்டுறன் எண்டன். மெல்லமாத்தான் சொன்னனான். ஆனா அவருக்குக் கேட்டிட்டுது.

வேற ஆள் எண்டா என்ன செய்வான்? சிரிச்சுக்கொண்டு எல்லாத்தையும் வச்சு என்னை வழிச்செடுப்பான். அவர் பென்டவைக் கூப்பிட்டார். இவர் தமிழில கதைச்சவர், எனக்கு விளங்கினது, இனி இந்தக் கையை நான் விளையாடினா நியாயம் இல்லை எண்டு தன்ர தாளை முகம் கவிழ்த்துத் தள்ளிப்போட்டார். பிறகு சுதன் அவரிட்ட என்ன தாள் எண்டு கேட்டவன், ரெண்டு ராசாவாம். எனக்குப் பத்து நிமிசம் வெளிய நிக்கத் தண்டனை. அவர் தனக்கும் தரச்சொல்லிக் கேட்டார். பென்ட கண்ணாடியைப் போட்டு அவரை ஒருக்காப் பாத்திட்டு, உங்களுக்கு ஏன், நீங்கள் ஒண்டும் செய்யேல்லை எண்டா. அவர் எழும்பி என்னோட வெளிய வந்திட்டார்.

சைக்கிளடியில ரெண்டு பேரும். காத்து முகத்தில அறையுது. எனக்குச் சரியான கோவம்.

"நீங்கள் ஏன் அண்ணை வந்தனீங்கள்? நீங்கள் வாயே திறக்கேல்லையே."

"விளங்கீட்டுதே," எண்டார்.

அவ்வளவுதான். அதை அவர் பெருமைக்குச் சொல்லேல்லை. மழை பெய்ஞ்சா நனைஞ்சிட்டன் எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னார்.  அப்பதான் அவர் தன்ர கதை கொஞ்சம் சொன்னது. மகள் தாயோட கொப்பன்ஹேகன் பக்கம், அல்பர்ட்ஸ்லுண்டில. ஜிம்னாசியம், எங்கட ஏ.எல். மாதிரி, படிக்கிறாள். தமிழில கேட்டா டெனிஷில மறுமொழி. அப்பா புதன்கிழமையில சூதாடுறார் எண்டு அவளுக்கு ஒரு எண்ணம். தாய் அப்பிடிச் சொல்லிவச்சிருக்கிறா.

"ஒருக்கா அந்தப் பெரிய போட்டிக்குப் போனன் எண்டா அவளை வந்து பாக்கச் சொல்லலாம்," எண்டார். "கிட்டத்தான அவளுக்கு. நாங்கள் எப்பிடி இருந்து விளையாடுறம் எண்டு பாத்தாளெண்டா விளங்கும். நாலு வருசமாத் தெண்டிக்கிறன் தம்பி. ஒவ்வொரு முறையும் ஒராளால தவறிப்போகுது."

பத்து நிமிசம் முடிஞ்சுது. கோவத்தோட உள்ள வராத எண்டு சொல்லிப்போட்டு, கதவில கை வச்சபடி அவரின்ர வழமையான வசனத்தைச் சொன்னார். அதை அவர் ஆர் தோத்தாலும், ஆர் சண்டை பிடிச்சாலும் சொல்லுவார். "அடுத்த கை தொடங்கினா முந்தின கை முடிஞ்சுது." அதுவும் சட்டம்தான். அடுத்த தாள் குடுக்கத் தொடங்கினாப் பிறகு, போன கையில பிழை நடந்தது எண்டு ஒருத்தரும் கேக்கேலாது. ஆனா அவர் சொன்னா அது வாழ்க்கை மாதிரி இருக்கும். எனக்கு அந்த வசனத்தைக் கேக்கேக்க பத்திக்கொண்டு வரும். நான் அதை அவரை மாதிரியே மேல் பொத்தான் பூட்டி லாகரில செய்து காட்டுவன், எல்லாரும் சிரிப்பாங்கள். சுதன் மட்டும் சிரிக்க மாட்டான். அவன் அப்பவே அவற்ர கட்சி. ஞாயிறு பூசை முடிய அவரோட போய்ச் சாப்பிடுறது, அவற்ர சைக்கிளைத் திருத்திக் குடுக்கிறது. என்னோட ஒண்டாப் பெட்டி அடுக்கின பொடியன்.

இறுதிப்போட்டி ஒரு ஞாயிறு மத்தியானம். அவர் பூசையால நேர வந்தவர். பென்ட சேர்ட் நாலை முதலே அடிச்சு அலுமாரியில வச்சிருந்தா. எல்லாருக்கும் தெரியும், அதில ஒண்டு அவற்ர அளவு எண்டு. இந்த வருசம் இவர் போகாட்டி ஆர் போறது எண்டு கதை.

சுதன் முதல் மணித்தியாலத்திலயே வெளிய போய், பாக்கிற ஆக்களை மறிச்சுக் கட்டின கயித்துக்கு அங்கால நிண்டு பாத்துக்கொண்டிருந்தான். கடைசியா அஞ்சு பேர் மிஞ்சினம். நாலு பேர் போகலாம். ஒருத்தர் வீட்ட. என்னட்டச் சிப்ஸ் அடியில கிடக்கு, அவரிட்ட அதைவிடக் கொஞ்சம் கூட. ரெண்டு பேரில ஒருத்தர்தான் வெளிய போகப்போறம் எண்டு எல்லாருக்கும் தெரியும்.  அவர் பதக்கத்தைத் தாளுக்கு மேல வச்சார், எடுத்தார், வச்சார். பிறகு எல்லாத்தையும் தள்ளினார். யெஸ்பர் அவரைவிடக் கூட வச்சிருந்தவன், பாக்கிறன் எண்டான்.

ரெண்டு பேரும் தாளைத் திறந்து வச்சினம். இவரிட்ட ஒரு ஆசும் ஒரு ரெண்டும். யெஸ்பரிட்ட ராசாவும் ராணியும்.

முதல் மூண்டு தாள் நடுவில விழுந்தது: ராசா, அஞ்சு, மூண்டு. ராசாவைக் கண்ட உடன யெஸ்பருக்குச் சோடி. மேசையில ஒரு பெருமூச்சு, சந்தோசமும் துக்கமும் கலந்து. மற்ற ரெண்டு பேரும் எழும்பி ஆளையாள் கட்டிப்பிடிக்கினம், தாங்கள் தப்பினது எண்டு. பென்ட திரும்பி அலுமாரியைத் திறக்கிறா. நாலாவது தாள் ஒன்பது. அவர் எழும்பிட்டார். கழுத்துச் சால்வையைச் சுத்திக்கொண்டு யெஸ்பருக்குக் கையை நீட்டுறார். அஞ்சாவது தாள் நாலு.

தாள் குடுத்தது, முதல்ல தோத்த ஒரு பொடியன். அவனும் ராசாச் சோடியைத்தான் பாத்தவன். சிப்ஸை யெஸ்பர் பக்கம் தள்ளினான்.

நான் எழும்பேல்லை. நான் மேசையைப் பாத்துக்கொண்டிருந்தனான். ஆசு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு. வரிசையா அஞ்சு தாள். ராசாச் சோடியெல்லாம் அதுக்குக் கிட்டவும் வராது. வெண்டது அவர். மேசையில திறந்து கிடக்குது, நடுவில ராசாவும் ஒன்பதும் கிடந்து மறைக்குது. அவர் குனிஞ்சு ஒருக்காப் பாத்தவர். அவரின்ர கண் ஆசில போச்சுது, ராசாவில போச்சுது, ஒன்பதில போச்சுது. மூண்டும் நாலும் அஞ்சும் அவருக்குப் பெட்டிக்குள்ள போட்ட தாள்.

பதினோராவது சட்டம் எனக்கு நேர எதிரில சுவரில.

வாயைத் திறந்தா அஞ்சு சொல்லு. அதே அஞ்சு சொல்லு அவர் எனக்குச் சொன்னவர், கோப்பி கேக்கிற மாதிரி. எனக்கு அப்ப என்ன வந்தது எண்டு நேர்மையாச் சொல்லுறன்: மேசையில தட்டுற சத்தம். நான் சொன்னா எனக்குத் தட்டுவாங்களோ? இல்லை. அவர் திரும்ப இருப்பார், எல்லாரும் அவருக்குத் தட்டுவாங்கள், அடுத்த கையில நான் வெளிய போவன், சுதன் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடிப்பான். அவ்வளவும் ஒரு மூச்சில எனக்குத் தெரிஞ்சுது. நான் சூயிங்கம் பெட்டியை எடுத்துத் திறந்து ஒண்டை வாயில போட்டன்.

பொடியன் தாளைக் கூட்டி அள்ளிட்டான்.

அவர் எல்லாருக்கும் கைகுடுத்தார். என்னட்ட வரேக்குள்ள கை நடக்கேல்லை, அதால தமிழில சொல்லலாம். சொன்னார், "நல்லா விளையாடு தம்பி." வேற நாளெண்டா நான் ஒரு பகிடி விட்டிருப்பன். அண்ணை, அந்தச் சால்வை உங்களுக்குத் தூக்குக் கயிறு மாதிரி இருக்கு எண்டாவது. அண்டைக்கு ஒண்டும் வரேல்லை. சூயிங்கத்தைச் சப்பிக்கொண்டு தலையை ஆட்டினன். அவர் என்ர முகத்தை ஒரு கணம் கூடுதலாப் பாத்தமாதிரி இருந்தது. பிறகு கதவால வெளிய போனார், சுதன் பின்னால போனான். நாலு பேருக்கும் கோப்பைக்கான விளையாட்டு மிச்சம் இருந்தது. எனக்கு முன்னால புதுத் தாள் ரெண்டு வந்து விழுந்தது.

சுதன் திரும்பி வர நேரம் எடுத்தது.  அவர் போட்டாரோ எண்டு கேட்டன். ஓம் எண்டான்.

பென்ட சேர்ட்டைத் தந்தா. அது எனக்கு இறுக்கம். வயித்தடியில பொத்தான் பூட்டேலாது. அவரை நினைச்சு அடிச்சது எண்டு அவ சொல்லேல்லை, மடிச்சு என்ர கையில தரேக்குள்ள ஒருக்காத் தடவிப்போட்டுத் தந்தா.

போட்டி கொப்பன்ஹேகனுக்குக் கிட்ட, ஹ்விடோவ்ரே பக்கம் ஒரு பெரிய மண்டபத்தில. ஹோர்சன்ஸில இருந்து ரயில். விடிய ஸ்டேசனுக்குப் போனா, அவர் நிக்கிறார், வடைப் பெட்டியோட. வழியனுப்ப வந்தவர் எண்டு நினைச்சன். இல்லை, அவரும் வாறாராம், பாக்க. லீவு முதலே எடுத்திட்டாராம், அதை ஏன் வீணாக்குவான் எண்டார். ரயிலில மூண்டு மணித்தியாலம் எனக்குப் பக்கத்தில இருந்து, புதுச் சீற்றில இருந்தா முதல் என்ன பாக்கவேணும், நேரம் எப்பிடிக் கணக்கெடுப்பாங்கள் எண்டெல்லாம் சொல்லித் தந்தார். நான் யன்னலைப் பாத்துக்கொண்டு வடை சாப்பிட்டன். எனக்கு அவரை வெறுக்கிறதுக்கு அவர் ஒரு சந்தர்ப்பமும் தரேல்லை, அது பெரிய அநியாயம்.

மண்டபத்தில கயித்துக்கு அங்கால நிண்டார். பக்கத்தில ஒரு பெட்டை, அவற்ர அதே மூக்கு. மகள். வரச்சொல்லி இருக்கிறார். வேற ஒருத்தன்ர விளையாட்டைப் பாக்க. அவர் குனிஞ்சு குனிஞ்சு அவளுக்கு டெனிஷில ஒவ்வொண்டா விளங்கப்படுத்துறார்: இப்ப இவர் பேசேலாது, இப்ப தாளை மேசையில எல்லாரும் காணவேணும், பிழைவிட்டாத் தானே சொல்லவேணும். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபோனைக் கையில எடுக்கவே இல்லை. நான் ஒண்டரை மணித்தியாலத்தில வெளிய.

கயித்தைத் தாண்டி வர, அவர் கோப்பி எடுக்கப் போட்டார். மகள் கைகுடுத்தாள். டெனிஷில சொன்னாள், அப்பா உங்களைப் பற்றிச் சொன்னவர் எண்டு. என்ன சொன்னவர் எண்டு கேட்டன், பகிடியாத்தான்.

"கிளப்பில உங்கட கண்தானாம் கூர்மை," எண்டாள். "ஒரு தாளும் தப்பாதாம்."

அவள் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னாள். நான் அவளின்ர முகத்தில தேடினன். அதில ஒண்டும் இல்லை. அவர் மூண்டு கோப்பியோட வந்தார், எனக்குச் சீனி ரெண்டு போட்டு. எனக்கு ரெண்டு எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?

அதுக்குப் பிறகு நான் கிளப்புக்குப் போறதைக் குறைச்சன். வேலை மாறினது எண்டு சொன்னன். சுதன் ஹ்விடோவ்ரேக்கு வீடு மாறிப் போனான், ஆனா புதன்கிழமையில ரயில் ஏறி வாறானாம், அவரோட விளையாட. அவர் அடுத்த வருசம் அந்தப் போட்டிக்குப் போகேல்லை, அதுக்கு அடுத்த வருசமும் போகேல்லை. பிறகு ஒருக்காப் போனவர் எண்டு கேள்வி. மகள் இப்பவும் வந்து பாக்கிறவளாம். சரி, அதாவது நடந்தது.

ஆறு வருசம். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மேசையில தமிழ் கதைச்சதுக்கு எனக்குப் பத்து நிமிசம் வெளிய நிக்கத் தண்டனை, அவர் துணைக்கு வந்தவர். இதுக்கு எத்தினை நிமிசம், ஆர் துணைக்கு வருவினம் எண்டு தெரியேல்லை.

அண்ணை, அம்பதுக்கு வாழ்த்துகள். அண்டைக்கு வெண்டது நீங்கள். ஆசு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு. நான் கண்டனான்.

இதைச் சுதனுக்கு அனுப்பி, வாசிச்சுப் பார், கடைசித் துண்டை வெட்டவேணும் எண்டா வெட்டு, இல்லாட்டி முழுசாயே குப்பையில போடு எண்டு எழுதினன். அவன் வாசிச்சது தெரிஞ்சுது.  பிறகு ஒரு வரி வந்தது:

"தெரியும் மச்சான், நீ அண்டைக்குப் பகிடி விடேல்லை எண்ட உடன அவர் சைக்கிளடியில நிண்டு விழுந்த தாளை மனசுக்குள்ள திரும்ப எண்ணிப் பாத்தவர், அடுத்த கை தொடங்கீட்டுது, உன்னட்ட ஒண்டும் கேக்கவேண்டாம் எண்டு எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவர்."